நிலைத்தவரும் விட்டுப்போனவரும்: ஈழத்துத் தமிழ்த் திருச்சபைகளில் இரட்சிப்பின் நிச்சயம்

இரட்சிப்பின் நிச்சயம் என்று தமிழ்க் கிறிஸ்தவர் சொல்வதற்குள் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. ஒருவர் தாம் இப்போது கடவுளால் மன்னித்து ஏற்கப்பட்டிருப்பதை அறிய முடியுமா என்பது ஒன்று. இன்று ஏற்கப்பட்டவர் நாளை அந்த நிலையை இழக்கக்கூடுமா என்பது மற்றது. பிரசங்க மேடையில் இவை பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. ஆனால் ஒன்றுக்கு ஆம் என்றவர் மற்றதற்கும் ஆம் என்று சொல்வார் என்பதற்கில்லை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, விசுவாசி தன் மன்னிப்பை இன்றே அறியலாம் என்றார். ஆனால் அவன் அதை இழந்துபோகவும் கூடும் என்றார். கல்வினிய மரபின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை இதற்கு நேர்மாறானது: மெய்யான விசுவாசி இறுதியாக விழுந்துபோகவே மாட்டார், ஆனால் தாம் மெய்யான விசுவாசிதான் என்ற நிச்சயம் அவருக்குக் கிடைக்க நெடுநாள் ஆகலாம். கத்தோலிக்கத் திருச்சபை 1547 சனவரியில் திரெந்து சங்கத்தின் ஆறாம் அமர்வில் இரண்டுக்கும் வரம்பு கட்டியது. தனிப்பட்ட வெளிப்பாடு கிடைத்தாலன்றி, இறுதிவரை நிலைப்பேன் என்று எவரும் ஐயமறச் சொல்ல இயலாது என்பது அதன் தீர்மானம். விசுவாசிக்கு உரியது நம்பிக்கை. இறுதி நிலைபேறு கடவுள் தரும் கொடை.

வேதாகமத்திலேயே இருவகைப் பகுதிகளும் இருக்கின்றன. தம் ஆடுகளை எவரும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்று இயேசு சொல்லும் யோவான் 10ஆம் அதிகாரமும், எந்தப் படைப்பும் கிறிஸ்துவிலுள்ள கடவுளின் அன்பிலிருந்து நம்மைப் பிரிக்க இயலாது என்று பவுல் முடிக்கும் ரோமர் 8ஆம் அதிகாரமும் ஒரு பக்கம். ஒருமுறை ஒளியைப் பெற்று ஆவியில் பங்கடைந்தபின் விழுந்துபோனவரைப் பற்றி எச்சரிக்கும் எபிரெயர் 6:4-6, தன் சரீரத்தை ஒடுக்காவிட்டால் தானே தள்ளப்படலாம் என்று பவுல் அஞ்சும் 1 கொரிந்தியர் 9:27 ஆகியன மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே 1 யோவான் 2:19 நிற்கிறது. நம்மைவிட்டுப் பிரிந்தவர்கள் தொடக்கத்திலேயே நம்மைச் சேர்ந்தவர்களாய் இருக்கவில்லை என்பது அதன் வாதம். இந்த ஒரு வசனத்தை எந்த அளவுக்கு விரிக்கிறார்கள் என்பதிலேயே மரபுகள் பிரிகின்றன எனலாம்.

ஐரோப்பாவில் இவ்விவாதம் பெரும்பாலும் மனச்சாட்சியின் கலக்கத்திலிருந்து எழுந்தது. ஈழத்துத் தமிழர் நடுவில் அதைக் கூர்மையாக்கியது வேறொன்று: திருமுழுக்குப் பெற்றபின் விட்டுப்போனவர்கள். ஒவ்வொரு காலத்திலும் அத்தகையோர் கண்முன் நின்றார்கள். அவர்களைப் பற்றி ஒரு திருச்சபை என்ன சொன்னதோ, அதைப் பொறுத்தே அது தன்னிடம் தங்கியவர்களுக்கு எவ்வகை நிச்சயத்தைத் தர முடிந்தது.

இதற்கு முதற்சான்று ஒல்லாந்தர் காலம். போர்த்துக்கேயரிடமிருந்து 1639இல் திருகோணமலையையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அரசுச் சபை சீர்திருத்தச் சபை. அச்சபை ஏற்ற கோட்பாடுகள் 1618-19இல் டோர்ட் நகரச் சங்கத்தில் வகுக்கப்பட்டவை. அங்கே எதிர்த்தரப்பில் நின்றவர்கள் 1609இல் இறந்த இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தோர். அவர்கள் 1610இல் அளித்த விண்ணப்பத்தின் ஐந்தாம் பகுதி, விசுவாசி விழக்கூடுமா என்பதை முடிவு செய்யாமல், வேதத்தை இன்னும் ஆராயவேண்டும் என்று நிறுத்தியிருந்தது. டோர்ட் சங்கம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை: தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கடவுளே இறுதிவரை காப்பார். அச்சபையின் வினாவிடையான ஐடல்பேர்க் ஞானோபதேசமும் (1563) வாழ்விலும் சாவிலும் விசுவாசிக்குள்ள ஒரே ஆறுதல் எது என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது.

நிலைபேற்றை இத்தனை உறுதியாகப் போதித்த சபை, ஈழத்தில் மக்களைச் சேர்த்த முறையோ முற்றிலும் வேறு. உத்தியோகமும் திருமணப் பதிவும் திருமுழுக்கோடு பிணைக்கப்பட்டிருந்தன. பள்ளிக்கூடமே கோயிலாகவும் பதிவகமாகவும் இயங்கியது. 1658 முதல் 1665 வரை யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தக் குரு பிலிப்பு பல்தேயஸ் அந்தப் பள்ளிகளையும் கோயில்களையும் ஊர்ஊராக விவரித்து 1672இல் நூல் வெளியிட்டார். பிற்காலத்தில் கொழும்பில் பிறந்த தமிழரான பிலிப்பு தெ மெல்லோ அச்சபையின் குருவாகி, புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து 1759இல் அச்சேற்றினார். கல்விக்கும் மொழிக்கும் செய்யப்பட்ட பணி சிறியதன்று. ஆனால் 1795 ஆகஸ்டில் திருகோணமலைக் கோட்டையும் மறுவருடம் கொழும்பும் ஆங்கிலேயர் கைக்குப் போய், திருமுழுக்குக்கு இருந்த அரசியல் பயன் நீங்கியதும், பதிவேட்டிலிருந்த கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சைவக் கோயில்களுக்குத் திரும்பினர். 1806இல் யாழ்ப்பாணம் வந்த ஆங்கிலிக்கக் குரு குளோடியஸ் புக்கானன் பாழடைந்த கோயில்களைக் கண்டு வருந்தினார்.

இதற்கு எதிர்ப்புறத்தில் கத்தோலிக்கர். ஒல்லாந்தர் அவர்களுடைய குருமாரை விலக்கியிருந்தனர். 1687இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் முனிவர் மறைவாக வந்து சேரும்வரை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் குருக்களின்றியே பல குடும்பங்கள் செபமாலையைப் பிடித்துக்கொண்டு நிலைத்தன. (வாஸ் 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.) நிலைபேறு உறுதி என்று போதித்த சபையின் மக்கள் கலைந்தார்கள்; அதை ஒருவரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்ற சபையின் மக்கள் நிலைத்தார்கள். இதைக் கொண்டு ஒரு கோட்பாடு மெய், மற்றது பொய் என்று தீர்ப்பது சிறுபிள்ளைத்தனம். அரசு அதிகாரத்தால் சேர்ந்த கூட்டமும் அரசு அதிகாரத்தை எதிர்த்து நின்ற கூட்டமும் ஒரே அளவுகோலுக்கு அடங்கா. ஆயினும் அடுத்து வந்த மிஷனரிமார் மனத்தில் இந்தக் கலைவு ஆழமாகப் பதிந்தது. ஞானஸ்நானப் பதிவேடு எதையும் நிரூபிக்காது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட பாடம்.

அவர்களில் தமிழ்ப் பகுதிகளுக்கு வந்த இரு கூட்டத்தாரை இங்கே பார்க்கலாம். வெஸ்லிய மெதடிஸ்தர் 1814இல் வந்தார்கள். தலைவர் தோமஸ் கோக் கடற்பயணத்திலேயே இறந்துபோக, எஞ்சியோர் தங்களுக்குள் ஊர்களைப் பிரித்துக்கொண்டனர். மட்டக்களப்புக்குப் போன வில்லியம் ஓல்ட் ஓராண்டுக்குள் காலமானார். யாழ்ப்பாணம், பருத்தித்துறை, திருகோணமலை, மட்டக்களப்பு என்பவை நாளடைவில் அவர்களுடைய தமிழ்ப் பணித்தளங்களாயின. அமெரிக்க மிஷன் 1816இல் யாழ்ப்பாணம் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தொடங்கியது. முன்னவர் ஆர்மீனியஸின் கருத்தை ஒட்டிய வெஸ்லியின் வழியினர். பின்னவர் நியூ இங்கிலாந்தின் கல்வினிய வழியினர். ஒரே மக்கள் நடுவில், சில மைல் இடைவெளியில், இரண்டு கோட்பாடுகளும் சபை ஒழுங்காகவே நடந்துகாட்டப்பட்டன.

அமெரிக்கரிடம் இராப்போஜனப் பந்தியில் சேர்வது எளிதன்று. வந்தவரின் மனமாற்றத்துக்கு அடையாளம் கேட்கப்பட்டது. ஜோனதன் எட்வர்ட்ஸ் 1746இல் எழுதிய சமய உணர்ச்சிகள் பற்றிய நூல் அவர்களுடைய மரபுக்குக் கற்பித்தது இது: கண்ணீரும் எழுச்சியும் அடையாளமல்ல, நீடித்த வாழ்க்கைமாற்றமே அடையாளம். 1824இல் யாழ்ப்பாணப் பள்ளிகளில் பெரும் எழுப்புதல் உண்டாகி மாணவர் இரவெல்லாம் அழுது செபித்தபோதும் மிஷனரிமார் அவர்களை உடனே சேர்த்துவிடவில்லை, மாதக்கணக்கில் கவனித்தார்கள். தாய்நாட்டுக்கு அனுப்பிய அறிக்கைகளில்கூட மனந்திரும்பியவர் என்று முடித்துச் சொல்லாமல், மனந்திரும்பியதாக நம்பப்படுகிறவர் என்றே எழுதினார்கள். தன்னைப்பற்றியே நிச்சயம் பெற நெடுநாள் ஆகலாம் என்று நம்பியவர்கள் பிறரைப்பற்றி அவசரப்பட்டுச் சொல்லாதது முரணன்று. ஆனால் அதன் சுமை மாணவர் தலையில் விழுந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை தன் உள்ளத்தைத் தினமும் தோண்டிப் பார்த்து, இது மெய்யான மனத்தாபமா, உணவும் கல்வியும் தரும் பள்ளிக்கு இசைந்து போவதா என்று தானே வழக்காட வேண்டியிருந்தது.

அந்தச் சந்தேகத்துக்கு இடமிருந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினறி 1855இல் மூடப்பட்டபோது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, அது கிறிஸ்தவ ஊழியரைவிட அரச உத்தியோகத்தரையே மிகுதியாக உருவாக்குகிறது என்பதாகும். அதில் படித்த சி. வை. தாமோதரம்பிள்ளை (1832-1901) கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். பின்னர் சைவத்துக்குத் திரும்பி, வீரசோழியம், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்துத் தமிழுலகில் அழியாத பெயர் பெற்றார். வட்டுக்கோட்டை அமெரிக்கரின் கல்வினியக் கோட்பாட்டில் இத்தகைய ஒருவருக்கு இரண்டே விளக்கங்கள் உண்டு. ஒன்று, 1 யோவான் 2:19இன்படி அவர் ஒருபோதும் உள்ளே இருந்ததில்லை. மற்றது, அவர் தற்காலிகமாக விழுந்த மெய்விசுவாசி, சாகுமுன் எழுவார். இரண்டும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சரிபார்க்க இயலாதவை. இதுதான் அக்கோட்பாட்டின் நடைமுறைச் சிக்கல். விட்டுப்போனவரின் பழைய சாட்சி பொய்யென்றால், அதே சொற்களில் அதே ஆண்டில் சாட்சி சொல்லி இன்னும் பந்தியில் அமர்ந்திருப்பவரின் நிச்சயம் எதன்மேல் நிற்கிறது? கல்வின் இதற்கு, உன்னைப் பார்க்காதே, கிறிஸ்துவைப் பார் என்ற பொருள்பட விடை சொல்லியிருந்தார். அவர் வழிவந்த தூய்மைவாதிகள் உன் வாழ்க்கையின் கனிகளையும் பார் என்று சேர்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இந்தச் சேர்க்கையே.

மெதடிஸ்தரின் வாசல் வேறு வகையானது. வெஸ்லி 1743இல் வகுத்த பொதுவிதிகளின்படி மெதடிஸ்தக் குழுவில் சேர ஒரு நிபந்தனைதான்: வரும் கோபாக்கினைக்குத் தப்பவேண்டும் என்ற ஆசை. மனமாற்றத்துக்கு முன்னரே உள்ளே வரலாம். வந்தபின் வாரந்தோறும் ஏறத்தாழப் பன்னிருவர் கொண்ட வகுப்பில், தலைவர் ஒருவர் முன், ஆத்துமாவின் நிலை விசாரிக்கப்படும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வகுப்புச் சீட்டுப் புதுப்பிக்கப்படும். ஒழுக்கம் தவறியவருக்குச் சீட்டு மறுக்கப்படும். அமெரிக்கரிடம் சோதனை வாசலில் நடந்ததென்றால் இங்கே அது வீட்டுக்குள் தொடர்ந்து நடந்தது. இழந்துபோகக்கூடிய ஒன்றைக் காவல் செய்ய இதுவே ஏற்ற முறை.

நிச்சயத்தைப் பற்றிய வெஸ்லியின் போதனை அவருடைய சொந்த அனுபவத்தில் வேரூன்றியது. 1738 மே 24 மாலை இலண்டன் கூட்டமொன்றில் ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முகவுரை வாசிக்கப்பட்டபோது, தம் பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற உறுதி தமக்கு உண்டாயிற்று என்று அவர் பதிந்தார். ஆவியானவர் நம் ஆவியுடனே சாட்சி கொடுக்கிறார் என்னும் ரோமர் 8:16ஐ வைத்து 1746இலும் 1767இலும் இரு பிரசங்கங்கள் வெளியிட்டார். தொடக்கத்தில் இந்த உள்ளுறுதி இல்லாதவன் விசுவாசியே அல்லன் என்ற அளவுக்குப் போனவர், முதுமையில் அதைத் தளர்த்தினார். 1751இல் பரிசுத்தவான்களின் நிலைபேறு பற்றி எழுதிய சிறுநூலில் மெய்விசுவாசியும் இறுதியாகக் கெட்டுப்போகலாம் என்று வாதித்தார். எனவே மெதடிஸ்தருக்கு விட்டுப்போனவர் புதிரல்லர். அவர் உள்ளே இருந்தார், வெளியே போனார். பழைய அனுபவத்தைப் பொய் என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர் நிச்சயத்துக்கும் அதனால் ஊறு இல்லை. ஆனால் அந்த நிச்சயம் இன்றைக்கு மட்டுமே; நாளைக்கு மறுபடி தேடவேண்டும். வெஸ்லி 1755இல் தொடங்கிய, இன்று மெதடிஸ்தர் புத்தாண்டை ஒட்டி நடத்தும் உடன்படிக்கை ஆராதனைக்குப் பின்னால் இந்த எண்ணமே இருக்கிறது.

மெதடிஸ்தப் பணித்தளங்களில் ஒன்றான திருகோணமலையை எடுத்துக்கொண்டால், அந்த மாவட்டத்தில் கிறிஸ்தவர் சைவர், முஸ்லிம், பௌத்தர் நடுவே சிறு தொகையினர். நகருக்கு வடக்கே உப்புவெளியைத் தாண்டி நிலாவெளிக்குப் போகும் கரையோரத்தில் உள்ள சாம்பல்தீவு, சல்லி போன்ற ஊர்கள் அம்மன் கோயில்களைச் சுற்றி வாழ்பவை. இத்தகைய சூழலில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் உறவினரில் பாதிப்பேர் சைவராகவே இருப்பது வழக்கம். மாமன் வீட்டு அந்தியேட்டிச் சடங்குக்குப் போய் உண்பது, கோயில் திருவிழாவுக்குக் காசு கொடுப்பது, சைவப் பெண்ணை மணந்து தாலி கட்டுவது என்பவையெல்லாம் இங்கே நிலைபேற்றுக் கேள்வியாக மாறுகின்றன. போனவர் விழுந்துவிட்டாரா, வெறும் உறவுக்கடமை செய்தாரா என்பதை டோர்ட் சங்கமோ திரெந்து சங்கமோ முன்கூட்டி எழுதி வைக்கவில்லை. அந்தந்தச் சபைக் குருவும் மூப்பரும் ஊர்நிலை பார்த்துத் தீர்த்துவந்தார்கள்.

மரணமும் இங்கே வேறு பாரத்தோடு வருகிறது. சைவ உறவினருக்கு இப்பிறவியில் முடியாதது அடுத்த பிறவியில் தொடரும். கிறிஸ்தவருக்கு ஒரே வாழ்வு, ஒரே முடிவு. கத்தோலிக்கர் நோயில்பூசுதல் பெற்று, நாள்தோறும் மரியன்னையிடம் மரண வேளைக்காகவும் மன்றாடி, இறந்தபின் நவம்பர் 2இல் கல்லறைகளில் செபிக்கிறார்கள். இறுதி நிலைபேறு இறுதிவரை கேட்டுப் பெறவேண்டிய கொடை என்ற திரெந்து சங்கப் போதனையின் அன்றாட வடிவம் இது. இறந்தோருக்காகச் செபிக்காத புரட்டஸ்தாந்தருக்கு அடக்க ஆராதனையில் சொல்லப்படும் நிச்சயமே எல்லாம். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனபோது, திருகோணமலைக் கரையோரமும் அதில் அடிபட்டது. சாவுக்கு ஆயத்தமாக ஒரு நிமிடமும் கிடைக்காத அந்தச் சாவுகள், நிச்சயம் கடைசி நேரத்தில் தேடிக்கொள்ளக்கூடியது என்ற எண்ணத்துக்கு இடம் வைக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்விவாதத்துக்குப் புதுச்சூடு தந்தவர்கள் பெந்தெகொஸ்தேயினர். கேரளத்தில் பிறந்து இலங்கை வந்த இராமன்குட்டி, பாஸ்டர் போல் என்ற பெயரில், 1920களின் முற்பகுதியில் அல்வின் டி அல்விஸ் என்பவரோடு சேர்ந்து சிலோன் பெந்தெகொஸ்தே மிஷனைத் தொடங்கினார். வெள்ளுடை அணிந்து மணமின்றி வாழும் ஊழியர்களின் விசுவாச வீடுகள் தமிழ்நாடெங்கும் பரவின. 1984இல் பெயரிலிருந்து சிலோன் நீங்கியது. தலைமையிடம் சென்னைக்கு அருகில் இரும்புலியூர். இவர்களுடைய போதனையில் மறுபிறப்பு தொடக்கம் மட்டுமே. பரிசுத்தத்தில் முன்னேறி, கிறிஸ்துவின் இரகசிய வருகையில் எடுத்துக்கொள்ளப்பட ஆயத்தமாக இருப்பவரே பாதுகாப்பானவர், விழிப்பற்றவர் கைவிடப்படலாம். மறுபுறம் பிரதரன் சபைகளும் பல பப்திஸ்தரும், ஒருமுறை இரட்சிக்கப்பட்டவர் என்றென்றைக்கும் இரட்சிக்கப்பட்டவர் என்கின்றனர். இந்தக் கடைசிக் கூற்றை டோர்ட் கோட்பாட்டோடு ஒன்றாக்குவது பொதுவான பிழை. டோர்ட் சொன்னது, மெய்விசுவாசி விசுவாசத்திலும் மனந்திரும்புதலிலும் காக்கப்படுவார் என்பது. எழுப்புதல் கூட்டத்தில் கையுயர்த்திச் செபித்தவர் பின்பு எப்படி வாழ்ந்தாலும் பரலோகம் உறுதி என்பது அதற்குள் வராது. வட்டுக்கோட்டை மிஷனரிமார் கேட்டிருந்தால் அதை மறுக்க முதலில் எழுந்திருப்பார்கள்.

அருள் பற்றிய இப்பிரிவு தமிழ் வாசகருக்கு அந்நியமன்று. தாய்க்குரங்கைக் குட்டி பற்றிக்கொள்ளவேண்டும் என்று வடகலையும், தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்லும் என்று தென்கலையும் உரைத்த வைணவ விவாதம் நெடுங்காலமாக அறியப்பட்டது. கல்வினியரைப் பூனைப் பக்கமும் வெஸ்லியரைக் குரங்குப் பக்கமும் வைப்பது மேலோட்டமாகப் பொருந்தும். ஆனால் பற்றும் கையின் வலுவும் முந்திவரும் அருளின் கொடையே என்று வெஸ்லி மறுத்திருப்பார். இவ்வகை ஒப்பீட்டை முறையாக ஆராய்ந்தவர் யாழ்ப்பாணத்தவரே. அமெரிக்க மிஷனின் வழிவந்த சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தபோது யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயரான சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருட்கொள்கையை ஒப்பிடும் ஆங்கில நூலை 1964இல் வெளியிட்டார். பவுல் முதல் சீர்திருத்தம் வரையும், வைணவத்தையும் சைவ சித்தாந்தத்தையும் விரித்த நூல் அது. நிச்சயம் பற்றிய கேள்விக்குச் சித்தாந்தத்தில் நெருங்கிய இணை சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. மலம் நீங்கிய ஞானியும் அடியாரோடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் வழிபட்டிருக்கவேண்டும் என்கிறது அது. பழைய வாசனை மீண்டும் தாக்காதிருக்க இது வேண்டும் என்று உரையாசிரியர் விளக்குவர். விடுதலை பெற்றவருக்கும் கூட்டுறவு காவல் வேண்டும் என்ற இந்த எண்ணம், வெஸ்லியின் வகுப்புக் கூட்டத்துக்கு டோர்ட்டைவிட அருகில் இருக்கிறது.

தென்னிந்தியத் திருச்சபையின் ஒன்றிப்பில் தென்னிந்தியாவின் ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும், கல்வினிய வழியினரும் ஒரே சபையானார்கள். விசுவாசி விழக்கூடுமா என்பதைத் தீர்த்த பிறகன்று, அதை ஒன்றிப்புக்கு நிபந்தனை ஆக்காமலே. கத்தோலிக்கரும் லூத்தரன் உலகச் சம்மேளனமும் 1999 அக்டோபர் 31இல் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டு, இரட்சிப்பின் நிச்சயத்துக்கும் ஒரு பகுதியை ஒதுக்கின. தன் பலவீனத்தைப் பார்த்தால் விசுவாசி கலங்கலாம், கடவுளின் வாக்கைப் பார்த்தால் உறுதியாயிருக்கலாம் என்ற அளவில் இரு தரப்பும் இசைந்தன. உலக மெதடிஸ்த மன்றம் 2006இலும், சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் அதில் சேர்ந்தன. முதற்கேள்வி இவ்வாறு ஏறக்குறைய அமைதி கண்டது. இரண்டாவது கேள்வியைச் சீர்திருத்த வழியினருக்கும் மெதடிஸ்தருக்கும் இடையில் அந்த அறிக்கை தீர்க்கவில்லை.

அக்கேள்வி இன்று நடைமுறையில் எழுவது, விட்டுப்போனவர் திரும்பி வரும்போது. கத்தோலிக்கர் அவரை ஒப்புரவு அருட்சாதனத்தின் வழியே ஏற்பர். திருமுழுக்கு அழியாத முத்திரையாதலால் மறுபடி கொடார். மெதடிஸ்தரும் தென்னிந்தியத் திருச்சபையினரும் மறு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அறிக்கையிட்டவரைப் பந்தியில் மீண்டும் சேர்க்கிறார்கள். பெந்தெகொஸ்தே, பிரதரன், பப்திஸ்த சபைகள் அவர் குழந்தையாய்ப் பெற்றதை ஞானஸ்நானமாகவே கொள்ளாமல், விசுவாசித்தபின் முழுக்கு ஞானஸ்நானம் கேட்கும். வளர்ந்தபின் ஒருமுறை முழுகி, விட்டுப்போய், திரும்பி வந்தவருக்கு அதை மறுபடி கொடுப்பதா என்பது வேறு கேள்வி. முதல் முழுக்கின்போது அவருக்கு மெய்யான விசுவாசம் இருந்ததா என்று போதகர் கேட்கிறார்; இருந்தது என்றால் மன்னிப்பும் மறுசேர்க்கையும், இல்லை என்றால் தண்ணீர்.